பிக்கப் வண்டிக்கு எந்த பிரேக் பேட்? வெப்பக் கணக்கிலிருந்து ஒரு விளக்கம்

ஒரே பிக்கப் வண்டிக்கு, ஒரே அளவில், ஐந்தாறு வகை பிரேக் பேட்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒரு பெட்டியில் ‘செராமிக்’ என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் ‘செமி மெட்டாலிக்’, மற்றொன்றில் ‘ஹெவி டியூட்டி’. விலையோ ஒன்றுக்கொன்று மடங்கு கணக்கில் வேறுபடும். இவை போதாதென்று துளையிட்ட டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் பிடிக்கும் தட்டு), பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி), ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) என்று மேம்பாட்டுப் பொருள்கள் வேறு. வாங்குபவர் குழம்புவதில் வியப்பில்லை. பெட்டியின் மேலுள்ள பெயர் பேட் எதனால் ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. அந்த வண்டி என்ன வேலை செய்யப்போகிறது என்பது பெட்டிக்குத் தெரியாது. காரைப் பொறுத்தவரை இது பெரிய சிக்கலில்லை. காரின் எடை நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. பிக்கப் அப்படியல்ல. காலையில் வெறும் வண்டியாக ஓடும், மதியம் ஒரு டன் பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும். இரண்டு வேளையும் அதே பேட்தான் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

வேகம் வெப்பமாகும் இடம்

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் அந்த ஆற்றலை, பேடும் டிஸ்க்கும் உரசும் இடத்தில் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. எவ்வளவு வெப்பம் உண்டாகிறது, அது எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பேட் தேர்வில் பாதி வேலை முடிந்தது. கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

1. வெறும் பிக்கப்பின் எடை 2,000 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து அதை முழுதாக நிறுத்தினால் ஏறத்தாழ 770 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும்.

2. அதே வண்டியில் 1,000 கிலோ ஏற்றினால் அந்த ஆற்றல் 1,150 கிலோஜூலைத் தாண்டும். பாரம் கூடும் அதே விகிதத்தில் வெப்பமும் கூடுகிறது.

3. அதே பாரத்தோடு வேகத்தை மணிக்கு 50 கி.மீ. ஆகக் குறைத்தால் 290 கிலோஜூல் போதும். வேகம் பாதியானால் வெப்பம் கால்பங்காகிறது. பிரேக்குக்கு வேகம்தான் பாரத்தைவிடப் பெரிய எதிரி.

4. இப்போது மலைப்பாதை. 3,000 கிலோ வண்டி 300 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 8,800 கிலோஜூல். எஞ்சினும் காற்றும் உதவாமல் பிரேக் மட்டுமே அதைச் சுமந்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏழெட்டு முறை அடுத்தடுத்து முழுதாக நிறுத்துவதற்கு அது சமம்.

இந்த வெப்பம் டிஸ்க்கை என்ன செய்கிறது? பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 10 கிலோ வார்ப்பிரும்பு என்றும், எழுபது விழுக்காடு வெப்பம் அவற்றுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொண்டால், பாரத்தோடு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்க்கின் வெப்பநிலை 80 முதல் 90 டிகிரி வரை உயரும். ஒருமுறை என்றால் கவலையில்லை, அடுத்த சிக்னலுக்குள் காற்று அதைக் குளிர்வித்துவிடும். நீண்ட இறக்கத்தில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. வெப்பம் வெப்பத்தின்மேல் ஏறிக்கொண்டே போய், டிஸ்க் முந்நூறு டிகிரியையும் தாண்டிவிடும். பேடின் தரம் அந்த இடத்தில்தான் தெரியும். சமவெளிச் சாலையில் எல்லா பேடும் நல்ல பேடே.

பேடுக்குள் என்ன இருக்கிறது

பேட் என்பது ஒரு இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும். உராய்வுப் பொருள் ஒரே பொருளன்று. பத்துப் பதினைந்துக்கும் மேற்பட்ட தூள்களும் நார்களும் கலந்து, அழுத்திச் சுட்டெடுத்த கலவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஃபீனாலிக் பிசின், வலுவுக்கு நார்கள், பிடிப்புக்கு உரசும் துகள்கள், அந்தப் பிடிப்பு முரட்டுத்தனமாகாமல் இருக்க கிராஃபைட் போன்ற வழுக்கும் பொருள்கள், இடத்தை நிரப்ப பேரைட் போன்ற கனிமத் தூள்கள். ஒரு காலத்தில் நாராக ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குவது உறுதியானதும் பல நாடுகள் அதைத் தடை செய்தன. பழைய வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளிருக்கும் தூசைக் காற்றடித்து ஊதக்கூடாது என்ற எச்சரிக்கை இன்றும் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த எச்சரிக்கையைப் புதிய வண்டிகளுக்கும் கடைப்பிடிப்பது நல்லது, ஏனென்றால் எந்த பிரேக் தூசும் மூச்சுக்கு நல்லதன்று.

பேட் டிஸ்க்கைப் பிடிப்பது இரண்டு விதமாக நடக்கிறது. துகள்கள் டிஸ்க்கைச் சுரண்டிப் பிடிப்பது ஒன்று. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிந்து, பேடும் அந்தப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவதால் பிடிப்பது இன்னொன்று. வகைக்கு வகை இந்த இரண்டின் அளவு மாறுகிறது. பின்னால் வரும் ‘படிய வைத்தல்’ என்ற வேலையின் அவசியமும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. ஆர்கானிக். உலோகம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ கலந்தது. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும். ஆனால் சூடு ஏறினால் சீக்கிரம் தளரும், சீக்கிரம் தேயும். பாரம் ஏற்றாத, சமவெளியில் ஓடும் வண்டிக்குப் போதும்.

2. லோ மெட்டாலிக். ஆர்கானிக் கலவையில் ஓரளவு ஸ்டீல் நாரோ வேறு உலோகமோ சேர்த்தது. பிடிப்பு கூடுதல், தூசும் சத்தமும் கூடுதல்.

3. செமி மெட்டாலிக். எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உலோகம். வெப்பத்தை நன்றாகத் தாங்கும். பாரம் ஏற்றும் வண்டிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது இதுவே. டிஸ்க் கொஞ்சம் வேகமாகத் தேயும், சக்கரத்தில் கருந்தூசு படியும், குளிர்ந்த காலையில் முதல் ஒன்றிரண்டு மிதிக்குச் சற்று மந்தமாக இருக்கலாம்.

4. செராமிக். பீங்கான் நார்களும் தூள்களும் கலந்தது. சத்தமும் தூசும் குறைவு. தூசு வெளிர் நிறத்தில் இருப்பதால் சக்கரம் அழுக்காகத் தெரியாது. நீண்ட நாள் உழைக்கும். பலரும் இதை எல்லாவற்றிலும் மேலான வகை என்று நம்பி வாங்குகிறார்கள். காருக்கு அது பெரும்பாலும் சரி. பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு அப்படியே பொருந்தாது. சாதாரண செராமிக் பேட்கள் அமைதியையும் ஆயுளையும் முன்வைத்து வடிவமைக்கப்பட்டவை. முழுப் பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் இறங்குவதை மனத்தில் வைத்துச் செய்தவை அல்ல. பாரவண்டிகளுக்கென்றே கலவையை மாற்றிய செராமிக் பேட்களும் உண்டு. இரண்டுக்கும் பெட்டியில் அதே பெயர் இருப்பதுதான் தொல்லை.

பந்தயப் பேட்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவை சூடேறிய பிறகே பிடிக்கும், வீட்டு வாசலிலிருந்து கிளம்பும் வண்டியில் மாட்டுவது ஆபத்து.

பேடின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகள்

விளம்பரப் பெயர்களைவிட நம்பகமான தகவல் பேடின் ஓரத்திலோ பின்தகட்டிலோ சிறிய எழுத்தில் இருக்கிறது. பேடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தியாளரின் குறியீடு, கலவையின் பெயர், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த இரண்டு எழுத்துகளே உராய்வுக் குறியீடு. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த முறை இது. முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் பேடின் உராய்வு எண்ணை, அதாவது எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவை, குறிக்கிறது, இரண்டாவது எழுத்து சூடான நிலையில்.

• ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை.
• ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை.
• ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை.

சாலை வண்டிகளின் பேட்களில் பெரும்பாலும் ‘எஃப்எஃப்’ அல்லது ‘ஜிஜி’ காணப்படும். இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் சூட்டிலும் பிடிப்பு பெரிதாக மாறவில்லை என்று பொருள். ‘எஃப்இ’ என்றிருந்தால் சூடேறும்போது பிடிப்பு ஒருபடி இறங்குகிறது. பாரம் ஏற்றும் வண்டிக்கு நான் முதலில் பார்ப்பது இரண்டாவது எழுத்தைத்தான்.

இந்தக் குறியீட்டுக்கு எல்லையும் உண்டு. சோதனை, ஓர் அங்குலச் சதுரத் துண்டை ஆய்வுக்கூட இயந்திரத்தில் உரசிச் செய்யப்படுகிறது, வண்டியில் அல்ல. சூடான நிலைக்கான அளவும் ஏறத்தாழ 343 டிகிரியோடு நின்றுவிடுகிறது. மேலும் 0.36 உள்ள பேடும் 0.44 உள்ள பேடும் ஒரே ‘எஃப்’ வகுப்பில் வரும். பிடிப்பிலோ இருபது விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு. தேய்மானம், சத்தம், தகட்டோடு ஒட்டியிருக்கும் வலு எதையும் இந்த எழுத்துகள் சொல்வதில்லை. ஆகவே இவற்றைக் கழித்துக்கட்டும் அளவுகோலாகக் கொள்ளலாம், தரச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

அதற்கு மேலான உறுதி தருவது ஆர்90 என்ற ஐ.நா. வாகன ஒழுங்குமுறை. வட்டத்துக்குள் ‘இ’ என்ற எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ‘90ஆர்’ என்று தொடங்கும் வரிசை எண்ணும் தகட்டில் இருந்தால், அந்த மாடல் வண்டிக்கான அசல் பேடின் செயல்திறனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று பொருள். அசலிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேலோ கீழோ விலகக்கூடாது என்பது விதி. ‘கீழோ’ என்பது எல்லோருக்கும் புரியும். ‘மேலோ’ என்பதையும் ஏன் சேர்த்தார்கள்? முன் பேட் மட்டும் அளவுக்கு மீறிப் பிடித்தால் முன்பின் சமநிலை குலைகிறது. கூடுதல் பிடிப்பு எப்போதும் கூடுதல் பாதுகாப்பு ஆகிவிடாது.

சில பெட்டிகளில் மூன்று இலைகளும் ஓர் எழுத்தும் கொண்ட சின்னம் இருக்கும். அது செம்பின் அளவைக் குறிப்பது. பேட் தூசிலுள்ள செம்பு மழைநீரோடு ஓடைகளில் கலந்து சால்மன் போன்ற மீன்களைப் பாதிப்பதால், அமெரிக்காவின் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010-இல் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. ‘என்’ என்ற எழுத்து, செம்பு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதைக் காட்டுகிறது. பிரேக் பிடிக்கும் திறனுக்கும் இந்தச் சின்னத்துக்கும் நேரடித் தொடர்பில்லை.

எந்தக் குறியும் இல்லாத, மொட்டையான பேடை வாங்கவே வேண்டாம். யார் செய்தது என்று சொல்லத் தயங்கும் பொருளை உயிரைக் காக்கும் இடத்தில் மாட்டக்கூடாது.

பிரேக் தளர்வது இரண்டு விதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள இடம் உண்டென்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். ‘இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்பவர்கள் இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரில் சொல்கிறார்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

1. பேட் தளர்வது. பேடிலுள்ள பிசின் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறினால் அது சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது, உராய்வு எண் இறங்குகிறது. பெடல் எப்போதும் போலக் கல்லாக இருக்கும். காலால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். கருகிய வாடை வரும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பிடிப்பு பெருமளவு திரும்பிவிடும்.

2. பிரேக் ஆயில் கொதிப்பது. காலிப்பர் சூடாகி, உள்ளிருக்கும் பிரேக் ஆயில், அதாவது பெடலின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கடத்தும் திரவம், கொதித்துக் குமிழி விடுகிறது. திரவம் அழுத்தத்தில் சுருங்காது, குமிழி சுருங்கும். ஆகவே பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், சில சமயம் தரையைத் தொடும். இது முன்னதைவிடப் பயங்கரமானது, ஏனென்றால் பெரும்பாலும் முன்னெச்சரிக்கையே இல்லாமல் வரும்.

முதல் வகைக்கு வெப்பம் தாங்கும் பேட் வேண்டும். இரண்டாவதற்கு ஆயிலை மாற்ற வேண்டும். அங்கே விலை உயர்ந்த பேடால் பயனில்லை. சில சமயம் நிலைமை மோசமாகவும் ஆகும்: செமி மெட்டாலிக் பேடிலுள்ள உலோகம் வெப்பத்தைக் கடத்துவதால், காலிப்பருக்கும் ஆயிலுக்கும் போகும் சூடு கூடுகிறது. பழைய ஆயிலை அப்படியே விட்டுவிட்டுக் ‘கனமான’ பேட் மட்டும் மாட்டுபவர்கள் ஒரு பலவீனத்தை நீக்கி இன்னொன்றை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஆயிலின் தரத்தை ‘டாட்’ எண் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறைந்தபட்சக் கொதிநிலைகள் உண்டு. புதிதாக இருக்கும்போது ஒன்று, 3.7 விழுக்காடு ஈரம் ஏறிய பிறகு ஒன்று.

• டாட் 3: புதிதில் 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140.
• டாட் 4: புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155.
• டாட் 5.1: புதிதில் 260, ஈரம் ஏறியபின் 180.

கிளைகால் அடிப்படையிலான இந்த ஆயில்கள் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 3-இன் 140 டிகிரி என்ற எண்ணை மேலே சொன்ன டிஸ்க்கின் முந்நூறு டிகிரியோடு வைத்துப் பாருங்கள்; இடையில் இருப்பது பேடும் அதை அழுத்தும் பிஸ்டனும் மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது வண்டியின் கையேடு சொல்லும் காலத்தில், ஆயிலை முழுதாக மாற்றுவதற்கு ஈடான மலிவான மேம்பாடு வேறில்லை. டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். அதை மற்றவற்றோடு கலக்கக்கூடாது, ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஊற்றவும் வேண்டாம்.

பிக்கப்புக்கே உரிய சிக்கல்கள்

காருக்கான பிரேக் அறிவுரை பிக்கப்புக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணங்கள் இவை.

1. பின்பக்க டிரம். பல பிக்கப்களில் இன்னும் பின்னால் டிரம் பிரேக்தான். டிரம்முக்குள் பேடின் வேலையைச் செய்யும் ஷூ தேயத் தேய இடைவெளி கூடுகிறது; தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிட்டால் பெடல் நீளமாக உள்ளே போகும். முன் பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றுவார்கள், பெடல் மாறாது. புதிய பேட் வாங்குமுன் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

2. பாரம் அறியும் வால்வு. வெறும் வண்டியில் பின்சக்கரத்தின் மேல் எடை குறைவு. முழு அழுத்தம் கொடுத்தால் அது பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இதைத் தடுக்கப் பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கிறது. பாரம் ஏற்றும்போது சேஸி தாழ்கிறது, கம்பி அசைகிறது, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் இந்த வேலையை எலக்ட்ரானிக்ஸ் செய்கிறது. இப்போது வண்டியை உயர்த்தினாலோ, பின்னால் கடினமான ஸ்பிரிங் பட்டைகள் சேர்த்தாலோ என்ன ஆகும்? ஒரு டன் ஏற்றியும் சேஸி தாழாது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். மொத்த வேலையும் முன் பேட் தலையில் விழும், அது சீக்கிரம் சூடாகித் தேயும். உரிமையாளர் பேட் சரியில்லை என்பார். சரிசெய்ய வேண்டியது அந்தக் கம்பியின் அளவை.

3. பெரிய டயர். பிரேக் தருவது முறுக்கு விசை (டார்க்). அது சாலையில் விசையாக மாறும்போது டயரின் ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் 10 விழுக்காடு கூடினால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் விசை 9 விழுக்காடு குறையும். பெரிய டயரின் எடையும் சேர்ந்து சுழல்வதால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் கூடுகிறது. பெரிய டயர் போட்டவர் பேடையும் ஆயிலையும் பற்றி யோசிப்பது விருப்பமல்ல, தேவை.

4. டிரெய்லர். தனி பிரேக் இல்லாத டிரெய்லரின் முழு ஆற்றலையும் பிக்கப்பின் பேட்களே சுமக்கின்றன. ஐரோப்பிய விதிகள் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது இதனால்தான். கனமான டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர் பணத்தை முதலில் டிரெய்லரின் பிரேக்கில் போடட்டும்.

வேலையைப் பார்த்துப் பேட்

வண்டியின் பெரும்பாலான நாள்களை அல்ல, அதன் மிகக் கடினமான நாளை வைத்துத் தேர்வு செய்யுங்கள்.

1. பெரும்பாலும் காலியாக, சமவெளியில், குடும்ப வாகனமாக ஓடுகிறதா? அசல் தரத்துக்கு நிகரான ஆர்கானிக் அல்லது செராமிக் போதும். இதில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பேட் தேடுவது வீண். ஏ.பி.எஸ். இயங்கும் அளவுக்கு ஏற்கெனவே பிரேக் பிடிக்கிறது என்றால், குளிர்ந்த நிலையில் ஒருமுறை நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயரே. பேடை மாற்றி அதைக் குறைக்க முடியாது.

2. வாரத்தில் பல நாள் பாரம், ஊருக்குள் நின்று நின்று ஓட்டம்? செமி மெட்டாலிக், அல்லது பாரவண்டிக்கென்று தெளிவாகக் குறிப்பிட்ட செராமிக். இரண்டாவது எழுத்து முதலெழுத்தைவிட இறங்காமல் இருக்கட்டும்.

3. மலைப்பாதை, டிரெய்லர், முழுப் பாரம்? தயக்கமில்லாமல் செமி மெட்டாலிக், அதோடு புதிய டாட் 4 ஆயில் அல்லது வண்டி அனுமதித்தால் டாட் 5.1. தூசையும் கொஞ்சம் சத்தத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். லோ கியரில் இறங்கும் பழக்கமும் இதில் அடக்கம்: எஞ்சின் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு கிலோஜூலும் பேடுக்குப் போகாத கிலோஜூல்.

4. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டி? மணல் புகுந்து எந்தப் பேடும் வேகமாகத் தேயும். விலை உயர்ந்த பேடைவிட, காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகளான பின்களையும் அவற்றின் ரப்பர் உறைகளையும் அடிக்கடி சுத்தம் செய்வதில் பலன் அதிகம்.

எந்த வகையானாலும் ஓர் ஆக்சிலின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்பக்கம் மட்டும் அதிகம் பிடிக்கும் பேடோ ஷூவோ போடுவது வெறும் வண்டியில் வழுக்கலுக்கு வழி.

மேம்பாடுகள்: எதை முதலில், எதைக் கடைசியில்

பிரேக் தரும் முறுக்கு விசை நான்கின் பெருக்கம்: உராய்வு எண், பிஸ்டன் அழுத்தும் விசை, டிஸ்க்கின் ஆரம், பேட் இருபுறமும் பிடிப்பதால் வரும் இரண்டு என்ற எண். பேடின் பரப்பு இந்தக் கணக்கிலேயே இல்லை. பரப்பு பெரிதானால் சூடு பரவும், தேய்மானம் குறையும். பிடிப்பு அதனால் கூடிவிடாது. விளம்பரங்கள் இதை அடிக்கடி மறைக்கின்றன.

டிஸ்க்கில் துளையும் கோடும் போட்டவை கண்ணைக் கவரும். பழைய கலவைகள் அதிகம் வாயு விட்ட காலத்தில் அந்த வாயு வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேட்கள் அந்த அளவுக்கு வாயு விடுவதில்லை. துளை போட்ட டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பும் குறைகிறது, தொடர்ந்து கடும் சூடேறும்போது துளையின் விளிம்பில் விரிசல் தொடங்குகிறது. பாரம் இழுக்கும் பிக்கப்புக்குத் துளையிட்ட டிஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு மட்டும் போட்டது பரவாயில்லை: சேறும் தண்ணீரும் வழிந்தோடும், பேடின் முகம் புதிதாக இருக்கும், பேட் சற்று வேகமாகத் தேயும். நல்ல தரமான, நடுவில் காற்றுப்பாதை உள்ள சாதாரண டிஸ்க்தான் பெரும்பாலோருக்கு ஏற்றது.

ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸ், அழுத்தத்தில் ரப்பர் ஹோஸ் விரிவதைக் குறைத்துப் பெடலை உறுதியாக்கும். நிறுத்தும் தூரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். ஹோஸ் பழையதாகி விரிசல் விட்டிருந்தால் மாற்றியே தீர வேண்டும். அப்போது இதைப் போடுவதில் பொருள் உண்டு.

பெரிய காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பு உண்மையிலேயே வெப்பத்தாங்கும் திறனைக் கூட்டும், ஏனென்றால் இரும்பின் எடையும் ஆரமும் கூடுகின்றன. ஆனால் பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும். பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதே அளவில் இருந்தால் பெடல் நீளும். முன்பின் சமநிலை மாறும், பழைய சக்கரம் காலிப்பரில் இடிக்கலாம், சில இடங்களில் சட்ட அனுமதியும் தேவைப்படும். ஆயில், பேட், டிஸ்க், பின் டிரம், வால்வு எல்லாம் சரியாக இருந்தும் பிரேக் தளர்கிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

மாட்டும்போது

புதிய பேட் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றும் நேரம். பழைய பேடைத் தூக்கி எறியுமுன் அதைப் படியுங்கள். காலிப்பரின் உள்பக்கப் பேட் மட்டும் மெலிந்திருந்தால் பிஸ்டனோ வழுக்கும் பின்களோ இறுகியிருக்கின்றன. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து ஆப்புபோல இருந்தாலும் பின்களே சந்தேகத்துக்குரியவை. இதைச் சரிசெய்யாமல் மாட்டிய புதிய பேட் அதே கதிக்குத்தான் போகும்.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கடைந்து பயன்படுத்த முயலக்கூடாது. பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் நுண்ணிய அளவில் மாறியிருக்கும், அல்லது பேடின் படலம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தால் புதிய டிஸ்க்கும் சில ஆயிரம் கி.மீ.யில் அதிரத் தொடங்கும். கம்பித் தூரிகையால் ஹப்பைத் தேய்க்க ஐந்து நிமிடம் ஆகாது. நீலக் கறைகள் டிஸ்க்கில் தெரிந்தால் அது கடும் சூடு பட்டிருக்கிறது. கறை உள்ள இடம் கெட்டிப்பட்டுவிட்டால் கடைந்தாலும் அதிர்வு திரும்பி வரும்.

பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பேடைப் பிடித்திருக்கும் கிளிப்களைப் புதிதாகப் போடுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பிஸ்டனைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் அழுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்புமுன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். முதல் மிதி வெறுமையாகத்தான் போகும்.

அடுத்தது படிய வைத்தல். பேட் உற்பத்தியாளர் தரும் முறை இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இல்லையென்றால், காலியான சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகப் பத்து முறை பிரேக் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே சற்று ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக்கூடாது. சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். முடிந்ததும் சில நிமிடங்கள் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். புதிய பேடின் பிசின் முதல் சூட்டில் வாயு விடும் என்பதால், இது முடியாமல் முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது கூடாது.

முதல் 100 கி.மீ.க்குள் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிடுங்கள். முதல் மாதத்தில் ஒருமுறை பாரத்தோடு ஓட்டி வந்தவுடன், சக்கரத்தைத் தொடாமல், நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே ஆக்சிலில் இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கும்வரை அந்த வண்டியில் பாரம் ஏற்ற வேண்டாம்.